மேலே வெயில், கீழே தொட்டி

உச்சிப்புளி
மார்கழி 22

அன்புள்ள முனியசாமிக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. பதில் எழுத உட்கார்ந்தால் மழை, மழை விட்டால் கரண்ட் இல்லை. மார்கழி விடியலில் ஊருணியில் குதித்து நீந்தியவன் நீ. இப்போது ஊட்டியில் ஸ்வெட்டருக்கு மேல் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, "வெயிலை வைத்தே குளிக்க வெந்நீரும் வேண்டும், அறையும் கதகதவென்று இருக்க வேண்டும், வழி சொல்" என்கிறாய். வயசு யாரை விட்டது. இங்கேயும் வீட்டுக்காரியின் முழங்கால் வலிக்காகத்தான் இந்த வெந்நீர்ச் சமாச்சாரம் வந்து சேர்ந்தது. அதுவரை பனைமட்டையும் அண்டாவும்தான்.

ராமேஸ்வரத்து லாட்ஜ் மாடிகளில் சோலார் வாட்டர் ஹீட்டரைப் பார்த்திருப்பாய். பேனல் கீழே சாய்ந்திருக்கும், தொட்டி அதன் தலைமாட்டில் படுத்திருக்கும். சூடான தண்ணீர் லேசாகித் தானே மேலே ஏறும், ஆறினது கீழே இறங்கும். மோட்டார் கிடையாது, கரண்ட் கிடையாது. அப்படி வைக்க இடம் இருக்கிறவன் அதையே வைத்துக்கொள்ளட்டும் என்றுதான் யாருக்கும் சொல்வேன்.

எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. எங்கள் வீடு அப்பா காலத்து மட்டப்பா, பனங்கட்டையும் சுண்ணாம்பும். 200 லிட்டர் தொட்டி என்றால் தண்ணீரே 200 கிலோ, ஸ்டாண்டு தனி. கொத்தனார் ஒரு தடவை மேலே ஏறி மிதித்துப் பார்த்துவிட்டு, "தொட்டி உள்ள விழுந்துச்சுன்னா வெந்நீர் யாருக்குண்ணே?" என்று கேட்டார். அதனால் பேனல் மட்டும் மேலே, தொட்டி கீழே குளியலறைச் சுவரோரம். சூட்டுக்கு ஏறத்தான் தெரியும், இறங்கத் தெரியாது. ஆகவே ஒரு சின்ன மோட்டார். ஆக்டிவ் சிஸ்டம் என்று பெரிய பேராகச் சொல்கிறார்களே, அது இவ்வளவுதான்.

இதில் எனக்குப் பிடித்தது அந்த மோட்டாரின் மூளை. பேனலின் வாயில் ஒரு சென்சார், தொட்டியின் அடியில் ஒரு சென்சார். தொட்டியைவிடப் பேனல் 8 டிகிரி கூடுதலாகச் சூடானால் மோட்டார் ஓடும். வித்தியாசம் 3 டிகிரிக்கு இறங்கினால் நின்றுவிடும். மணி பார்த்து ஓடுவதில்லை. மேகம் வந்தால் நிற்கும், விலகினால் ஓடும். ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 200 லிட்டரை 27 டிகிரியிலிருந்து 57க்கு ஏற்றக் கிட்டத்தட்ட 7 யூனிட் வேண்டும். 40 வாட் மோட்டார் ஆறு மணி நேரம் ஓடினால் கால் யூனிட். கால் யூனிட் கூலிக்கு 7 யூனிட்டைச் சுமந்து இறக்குகிறது.

என் மச்சான் இதைப் பார்த்துவிட்டு, "கமுதியில போட்டிருக்கிறது மாதிரியா? வீட்டுக்கு கரண்ட்டும் வருமா?" என்றான். 2016இல் கமுதியில் வந்த அந்த 648 மெகாவாட் சோலார் மின்நிலையத்துப் பேனல்கள் வெளிச்சத்தைக் கரண்ட்டாக்குபவை. விழுகிற வெயிலில் ஐந்தில் ஒரு பங்கு தேறினால் பெரிது. என் பேனலில் கண்ணாடிக்கு அடியில் கறுப்புப் பூச்சுப் பூசிய செப்புக் குழாய்கள், முதுகில் சூடு வெளியேறாமல் கிளாஸ் ஊல். நல்ல வெயிலில் பாதிக்கு மேல் தண்ணீரில் சேர்ந்துவிடும். ஆனால் இதை வைத்து ஃபேன் ஓட்ட முடியாது என்றதும் அவனுக்கு ஆர்வம் போய்விட்டது.

நம் ஊரில் பகை குளிர் இல்லை, தண்ணீர். போர்வெல் தண்ணீரை அப்படியே பேனலுக்குள் விட்டவர்கள் படுகிற பாட்டைப் பார்க்கிறேன். ஒரே வருஷத்தில் குழாய்க்குள் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை கட்டிவிடுகிறது. அதனால் நான் இரண்டையும் பிரித்துவிட்டேன். பேனலில் சுற்றுவது எப்போதும் அதே நாலைந்து லிட்டர் உப்பில்லாத தண்ணீர். அது தொட்டிக்குள் இருக்கிற செப்புச் சுருளில் வந்து சூட்டை இறக்கிவிட்டுத் திரும்பும். குளிக்கிற தண்ணீர் சுருளுக்கு வெளியேதான் நிற்கும். வாடைக் காற்று வீசும்போது கண்ணாடியில் உப்பு படியும். வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடைக்கிறேன்.

பொருத்திய முதல் வாரம் நடந்ததைக் கேள். சாயங்காலம் மீட்டரில் 58 டிகிரி. விடிந்து பார்த்தால் 40. யாரும் ஒரு செம்பு எடுக்கவில்லை. பொருத்தினவர்களைக் கேட்டால், "தொட்டி புதுசு சார், செட்டாகணும்" என்கிறார்கள். மூன்றாம் நாள் ராத்திரி பத்து மணிக்குக் கொல்லைப் பக்கம் போன வீட்டுக்காரி, சுவரோரம் மேலே போகிற பைப்பில் தற்செயலாகக் கையை வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். பைப் கொதிக்கிறது! மோட்டார் நின்று நாலு மணி நேரம் ஆகிவிட்டது. விஷயம் என்னவென்றால், ராத்திரியில் தொட்டியின் சூடு சுருள் வழியாகத் தானே மேலே ஏறி, பேனலில் குளிர்ந்து, இன்னொரு குழாயில் இறங்கிக்கொண்டிருந்தது. லாட்ஜ்காரனுக்குப் பகலில் இலவசமாக வேலை செய்கிற அதே சங்கதி எனக்கு ராத்திரியில் வானத்தைச் சூடாக்கிக்கொண்டிருந்தது. தண்ணீரை ஒரே பக்கம் மட்டும் போக விடுகிற வால்வு, என்ஆர்வி என்பார்கள், அதைப் போட மறந்திருக்கிறார்கள். சில நூறு ரூபாய்ப் பொருள். போட்ட மறுநாள் காலை 54 டிகிரி. அன்றிலிருந்து வீட்டில் அவள்தான் இன்ஜினியர்.

இனி உன் வீடு. அங்கே உறைபனி விழும். காற்று 2, 3 டிகிரியில் இருந்தாலும் தெளிந்த வானத்தின் கீழ்ப் பேனல் அதைவிடக் குளிர்ந்து, உள்ளே தண்ணீர் உறைந்து குழாயை வெடிக்க வைக்கும். அதனால் பேனல் சுற்றில் தண்ணீரோடு அதை உறைய விடாத புரோப்பிலின் கிளைக்கால் என்ற திரவத்தைக் கலந்து விடச் சொல். இல்லாவிட்டால் மோட்டார் நின்றதும் பேனலில் உள்ள தண்ணீர் முழுக்கக் கீழே வடிந்துவிடுகிற ஏற்பாடு கேள். வடிகிற ஏற்பாடு என்றால் குழாயின் சாய்மானம் சரியாக இருக்க வேண்டும், எங்கேயும் தொங்கக் கூடாது.

அறையைச் சூடாக்குவது இன்னும் பெரிய வேலை. தரைக்கு அடியில் குழாய் ஓட்டினால் 35 டிகிரித் தண்ணீரே போதும், ஏனென்றால் முழுத் தரையும் சூடு விடுகிறது. அதற்கு இரண்டாவது மோட்டார்: ஒன்று மாடியிலிருந்து தொட்டிக்கு, மற்றது தொட்டியிலிருந்து தரைக்கு. ஆனால் குளிக்கிற வெந்நீருக்கு ஆகிறதைப்போலப் பல மடங்கு பேனல் வேண்டும். மழை மாதங்களில் அங்கே வெயில் முகமே காட்டாது. வேறு ஹீட்டரும் கூடவே இருந்தாக வேண்டும். ஆகவே முதலில் ஜன்னல் இடுக்குகளை அடை, வெந்நீருக்கு மட்டும் போடு, தரையை அடுத்த வருஷம் பார்க்கலாம். பேனல் தெற்கே பார்த்து 25 டிகிரி வாக்கில் சாயட்டும்; உனக்கு மார்கழி, தை வெயில்தானே முக்கியம். கரண்ட் அடிக்கடி போகும் என்றால் மோட்டாரைச் சின்ன சோலார் தகட்டில் ஓட்டு. நட்டநடு மத்தியானம் மோட்டார் நின்றால் பேனல் 150 டிகிரியைத் தாண்டும், சேஃப்டி வால்வு சீறும்.

புதுப் பாம்பன் பாலத்தில் ரயில் போகிறது. நீ வந்தால் ராமேஸ்வரம் வரை ஒருமுறை போய் வருவோம். பொங்கலுக்குப் பனங்கிழங்கு அனுப்புகிறேன். கருவாடு கேட்டிருந்தாய், பஸ்ஸில் போட்டால் கண்டக்டர் சண்டைக்கு வருகிறான், நேரில் வந்து வாங்கிக்கொள். மாடியை அளந்து ஒரு படம் போட்டு அனுப்பு. எந்தப் பக்கம் மரம் நிற்கிறது என்பதையும் குறித்து வை.

உன்
சேது