கண் ஒட்டுவது மட்டும்தானா குழந்தையின் வேலை?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சென்ற இதழின் வசந்தகாலக் கைவேலைப் பக்கம் பார்த்தேன். பூ, பட்டாம்பூச்சி, பறவைக்கூடு என்று படங்கள் கண்ணைப் பறிக்கின்றன. தலைப்பில் 'மூன்று முதல் ஐந்து வயதுக்கு' என்று போட்டிருக்கிறீர்கள். செய்முறையைப் படித்தால், அட்டையில் வரைந்து வெட்டுவது பெரியவர், மடிப்பது பெரியவர், க்ளூ கன் (பசையைச் சூடாக்கி உருக்கித் தரும் கருவி) பிடித்து ஒட்டுவதும் பெரியவர். குழந்தைக்கு மிஞ்சுவது கடைசியில் இரண்டு ஆடும் கண்களை (பொம்மைக்கு ஒட்டும் சின்ன பிளாஸ்டிக் கண்கள்) ஒட்டுகிற வேலை. அந்தப் பக்கத்தில் இருப்பதிலேயே குழந்தையிடம் கொடுக்கக் கூடாத பொருள் அந்தக் கண்தான்.

டாய்லெட் பேப்பர் சுற்றியிருக்கும் அட்டைக் குழலை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் நுழைந்து விழுகிற எதுவும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையின் தொண்டையை அடைக்கக் கூடியது என்று வைத்துக்கொள்ள வேண்டும். பொம்மைகளைச் சோதிக்கப் பயன்படுத்தும் உருளையின் விட்டம் 31.7 மில்லிமீட்டர், அட்டைக் குழல் அதைவிடச் சற்று அகலம் என்பதால் சோதனை கொஞ்சம் கண்டிப்பாகவே இருக்கும், நல்லதுதான். அந்த ஆடும் கண், மணி, பொத்தான், சிறிய கம்பளி உருண்டை எல்லாம் இதில் தோற்றுவிடும். நாலு வயதுக் குழந்தைக்குத் தரலாமே என்றால், அது கீழே போடுவதைப் பொறுக்கி வாயில் வைக்க ஒரு தம்பியோ தங்கையோ தரையில் தவழலாம். கண்ணுக்குக் கறுப்பு கிரேயானால் ஒரு புள்ளி போதும். 'பனித்துளி' செய்ய நீங்கள் சொல்லியிருக்கும் ஜெல் மணிகளை இந்த வயதுக்குப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுங்கள். அவை தண்ணீரில் ஊறிப் பெருப்பவை. விழுங்கினால் குடலுக்குள்ளும் பெருத்து அடைத்துக்கொள்ளும்.

இனி பட்டாம்பூச்சி. இறக்கைகளை வெட்டிக் கொடுத்து, உள்ளே வண்ணம் தீட்டச் சொல்லியிருக்கிறீர்கள். மூன்று வயதுக் கை கோட்டுக்குள் நிற்காது. அதைவிட மடித்து அச்செடுக்கும் முறை நல்லது. கொஞ்சம் தடிமனான ஏ4 தாளை (160 முதல் 200 ஜிஎஸ்எம் வரை, அதாவது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை அத்தனை கிராம்) முதலில் பாதியாக மடித்துப் பிரித்துவிட வேண்டும். வண்ணம் ஊற்றிய பிறகு மடிக்கப் போனால் மடிப்பு கோணலாகும். போஸ்டர் கலர், தூரிகையில் எடுத்தால் சொட்டாமல் நிற்கிற பதத்தில் இருக்கட்டும். ஒரு பக்கத்தில் மட்டும், மடிப்பை ஒட்டி, குழந்தையின் நகத்தளவில் ஐந்தாறு பொட்டுகள். மூடி, மடிப்பிலிருந்து வெளிப்பக்கமாகத் தடவி, உடனே பிரிக்க வேண்டும். ஐந்து நிமிடம் விட்டால் இரண்டு பக்கமும் ஒட்டிக் கிழியும். பொட்டு பெரிதானால் ஓரத்தில் பிதுங்கி மேசைக்கு வரும். எல்லா நிறத்தையும் ஒரே நேரத்தில் வைத்தால் எல்லாம் கலந்து சேறு நிறமாகும். மஞ்சளும் சிவப்பும், அல்லது மஞ்சளும் நீலமும் என்று இரண்டிரண்டாகக் கொடுத்தால் புதிதாகப் பிறக்கிற நிறமும் பளிச்சென்று இருக்கும். ஈரமான தாள் 'சர்ர்' என்று பிரிகிற ஓசைக்காகவே குழந்தைகள் இன்னொரு தாள் கேட்பார்கள். ஆளுக்கு மூன்று தாளாவது மடித்து வைத்திருங்கள். இறக்கை வடிவம் வேண்டுமென்றால் காய்ந்த பிறகு வெட்டிக்கொள்ளலாம். வெட்டாவிட்டாலும் அது பட்டாம்பூச்சிதான்.

டிஷ்யூ தாளில் ஸ்கெட்ச் பேனாவால் புள்ளி வைத்துத் தண்ணீர் தெளிக்கும் முறையை நீங்கள் தந்திருப்பது பாராட்டத்தக்கது. ஆனால் பேனா எந்த வகை என்று சொல்லவில்லை. அழியாத மை தண்ணீரில் கரையாது. குழந்தை எத்தனை சொட்டு விட்டாலும் புள்ளி புள்ளியாகவே நிற்கும். நீரில் கரையும் மையாக இருக்க வேண்டும். ஸ்ப்ரே பாட்டிலும் வேண்டாம். நாலு முறை அழுத்தினால் நிறமெல்லாம் அடியில் விரித்த தாளுக்கு இறங்கிவிடும். சொட்டுக்குழாயால் புள்ளிக்கு அருகே நாலைந்து சொட்டு போதும். கறுப்பு மையைத் தவிர்க்காதீர்கள். பல கறுப்புப் பேனாக்களில் நீலம், ஊதா, சிவப்பு என்று வளையம் வளையமாகப் பிரிந்து வருவது கறுப்பிலிருந்துதான். காய்ந்ததும் நடுவே சுருக்கி, துணி மாட்டும் கிளிப்பைக் குழந்தையையே மாட்டச் சொல்லுங்கள். அந்தக் கிளிப்பை அழுத்தித் திறக்கிற பலம்தான் பிறகு பென்சில் பிடிக்கவும் உதவும்.

பூத்த மரக்கிளையை ஸ்ட்ராவால் ஊதி வரையும் முறையில் ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது. சின்னக் குழந்தைக்கு ஸ்ட்ரா என்றாலே உறிஞ்சுவதற்குத்தான். அதனால் ஸ்ட்ராவின் மேல்பாதியில் ஊசியால் ஒரு துளை போட்டுவிடுங்கள். உறிஞ்சினால் துளை வழியே காற்று புகுந்துவிடும், வண்ணம் வாய்வரை ஏறாது. ஊதுவதற்குத் தடையில்லை. முதலில் வெறும் பஞ்சு உருண்டையை மேசையில் ஊதி உருட்டிப் பழகட்டும். ஒரு பங்கு பழுப்பு வண்ணத்துக்கு இரண்டு பங்கு தண்ணீர்; அதைவிடக் கெட்டியாக இருந்தால் ஓடாது, குழந்தை மூச்சுவாங்க ஊதித் தலைசுற்றி உட்கார்ந்துவிடும். ஸ்ட்ராவைத் தாளுக்குச் சாய்வாகப் பிடிக்க வேண்டும். நேராக மேலிருந்து ஊதினால் கிளைக்குப் பதில் சிதறல்தான். பூக்களுக்கு விரல்நுனி போதும், தூரிகை தேவையில்லை. இளஞ்சிவப்புக்கு வெள்ளையில் ஒரு சொட்டு சிவப்பைச் சேருங்கள். சிவப்பில் வெள்ளையை ஊற்றிக்கொண்டே போனால் பாட்டில் காலியாகும், நிறம் எளிதில் வெளுக்காது.

கத்தரிக்கோலைப் பற்றி: வட்ட இதழ்களை வெட்டச் சொல்லியிருக்கிறீர்கள். பொதுவாக மூன்று வயதில் ஒரே ஒரு 'சரக்' வெட்டுதான் வரும், நாலு வயதையொட்டி நேர்கோடு, வட்டம் ஐந்து வயதுவாக்கில். மூன்று வயதுக்கு இரண்டு சென்டிமீட்டர் அகலமான சார்ட் பேப்பர் பட்டைகளைக் கொடுங்கள். ஒரு வெட்டில் துண்டு விழும். பச்சைப் பட்டையின் ஓரத்தில் வரிசையாக வெட்டு போட்டால் புல்வெளி வந்துவிடும், இதழைவிட அழகாகவே. மெல்லிய தாள் வளைந்து கத்திகளுக்கு நடுவே மாட்டிக்கொள்ளும், தடித்த தாள்தான் எளிது. கட்டைவிரல் மேலே பார்த்திருக்க வேண்டும். முனை மழுங்கியிருக்கட்டும், கூர் மழுங்கியிருக்க வேண்டாம். இடக்கைக் குழந்தைக்கு இடக்கைக் கத்தரிக்கோலே கொடுங்கள். வலக்கைக்குரியதை இடக்கையில் பிடித்தால் மேல்கத்தி கோட்டை மறைக்கும். அழுத்தும்போது கத்திகள் விலகித் தாளை மடக்கும். 'இந்தப் பிள்ளைக்கு வெட்ட வரவில்லை' என்று எழுதிவிடுவதற்கு முன் இதைப் பார்த்தால் போதும்.

பசையைப் பாட்டிலோடு கொடுத்தால் குழந்தை குளம் வெட்டும். தாளின் நார்கள் ஈரத்தில் ஊதிச் சுருங்கிப் படம் அலையலையாகும், மறுநாள்கூடக் காயாது. வெள்ளைப் பசையை அரைத் தேக்கரண்டி அளவில் பாட்டில் மூடியில் ஊற்றி, குட்டைத் தூரிகையோடு வையுங்கள். டிஷ்யூ பேப்பர் பூவுக்கு மூன்று சென்டிமீட்டர் சதுரங்களைக் கசக்கி உருட்டி ஒட்டினாலே போதும். பென்சில் முனையில் சுற்றி நிறுத்துவதெல்லாம் மூத்த குழந்தைகளுக்கு. சாயமேற்றிய டிஷ்யூ பேப்பர் பசையின் ஈரத்தில் நிறம் விடும், பழைய சட்டை போட்டுவிடுங்கள்.

இன்னும் இரண்டு திருத்தங்கள். படத்திலிருக்கும் புள்ளிவண்டுக்கு எட்டுக் கால் வைத்திருக்கிறீர்கள். வண்டு பூச்சியினம், ஆறுதான். எட்டுக்கால் சிலந்திக்கு. பட்டாம்பூச்சியின் வாழ்க்கைச் சுழற்சி அட்டையில் கூட்டுப்புழுவைப் பஞ்சுநூலால் சுற்றச் சொல்கிறீர்கள். நூல் கூடு கட்டுவது பெரும்பாலும் அந்துப்பூச்சிகளின் வேலை. பட்டாம்பூச்சியின் கூட்டுப்புழு பொதுவாக வெற்று ஓட்டோடு தொங்கும். பச்சைக் காகிதத்தைக் கசக்கி உருட்டித் தொங்கவிட்டால் சரியாகவும் இருக்கும், குழந்தையாலும் முடியும்.

இலை அச்சுக்குப் பச்சை இலையே நல்லது, சருகு நொறுங்கும். நரம்பு எழும்பிய அடிப்பக்கம் மேலே இருக்கட்டும். அதன்மேல் தாளை வைத்து, உறை உரித்த கிரேயானைப் படுக்கவைத்துத் தேய்க்க வேண்டும். அரளியும், கிள்ளினால் பால் வடிகிற செடிகளும் வேண்டவே வேண்டாம். ஈரப்பஞ்சில் கடுகு தூவினால் இரண்டு மூன்று நாளில் முளைக்கும். மூன்று நாள் என்பது அந்த வயது காத்திருக்கக்கூடிய காலம். தோட்டத்துக்கென்று விற்கும் விதைகளில் செந்நிறமோ நீலமோ பூசியிருந்தால் பூஞ்சைக்கொல்லி மருந்து தடவியதாக இருக்கலாம், அதைத் தொடவிடாதீர்கள். பஞ்சைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டக் கூடாது. சொட்டினால் முளைக்கு முன்னே பூஞ்சை வரும்.

அடுத்த முறை ஒவ்வொரு படிக்கும் எதிரே 'குழந்தை', 'பெரியவர்' என்று யாருடைய கை என்பதைக் குறித்து வெளியிடுங்கள். பாதிக்கு மேல் 'பெரியவர்' என்று வந்தால் அந்தச் செய்முறையை ஏழு வயதுக்காரர்களின் பக்கத்துக்கு மாற்றிவிடலாம்.

இப்படிக்கு,
மழலையர் வகுப்பு ஆசிரியை ஒருவர்