14,000 ரூபாய்க்கு ஒரு கணக்கு

கோத்தகிரி
ஞாயிறு மாலை

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு நாங்கள் இருவரும் நலம். நேற்று நீ கேட்ட கேள்விக்கு அப்போதே பதில் சொல்லத் தொடங்கினேன். மழையில் சிக்னல் விட்டு விட்டுப் போனதால், கடிதமாகவே எழுதிவிடுவது நல்லது என்று உட்கார்ந்துவிட்டேன். மூன்று ஷோரூம்களின் விலையையும் கட்டம் போட்டு நீ அனுப்பியிருந்தும், கோயம்புத்தூரில் 14,000 ரூபாய் குறைவாகக் கிடைத்த காரை ஊட்டியில் ஏன் வாங்கினேன் என்பதுதானே உன் வருத்தம்?

கோயம்புத்தூருக்கு நான் போகாமல் இல்லை. வரவேற்பிலும் குறை சொல்ல முடியாது. வாசலில் ரோஜாப்பூ கொடுத்தார்கள், ஏலக்காய்த் தேநீர் வந்தது, வாய்க்கு வாய் 'அங்கிள்' என்றார்கள். ஆனால் முக்கால் மணி நேரத்தில் அந்தத் தம்பி என்னைப் பற்றிக் கேட்டவை இரண்டே: கையில் பணம் எவ்வளவு இருக்கிறது, கடன் வேண்டுமா. சமதளத்தில் ஒரு சுற்று ஓட்டக் கொடுத்தார். மலையில் இழுக்குமா என்று கேட்டதற்கு, 'சூப்பரா இழுக்கும் அங்கிள்' என்றார். மேட்டுப்பாளையம் தாண்டி அவர் வண்டி ஓட்டியதில்லை என்பது அந்தப் பதிலிலேயே தெரிந்துவிட்டது. விலைத்தாளில் காப்பீடும் இருக்கை உறையும் இன்னும் சிலவும் கேட்காமலேயே ஏறியிருந்தன. அவற்றை நீக்கச் சொன்னதும் 'அங்கிள்' போய் 'சார்' வந்துவிட்டது.

ஊட்டி ஷோரூமில் இருந்த பெண்ணுக்கு உன் வயதுதான் இருக்கும். விலைப் பேச்சை எடுப்பதற்கு முன், வீட்டு வாசலில் சாலை ஏற்றமா இறக்கமா, மாதத்தில் எத்தனை முறை கீழே இறங்குவோம், பின்னிருக்கையில் உட்காரப்போவது யார், மகள் ஊரிலிருந்து வந்தால் எத்தனை பெட்டி கொண்டு வருவாள் என்றெல்லாம் கேட்டு, ஒரு சிறிய நோட்டில் குறித்துக்கொண்டார். என் முழங்கால் வலியைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. நான் படியேறி வந்த விதத்தைப் பார்த்தே, 'கிளட்ச் மிதிக்கச் சிரமமா இருக்கா சார்?' என்று கேட்டார்.

மறுநாள் காலையில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் ஓட்டி, காரை நம் வீட்டுக்கே கொண்டு வந்தார். நம் தெரு முனை ஏற்றம் உனக்குத் தெரியும். பழைய மாருதி 800-இல், பின்சக்கரத்துக்குக் கல் வைக்க உன்னை இறக்கிவிட்ட இடம். அங்கேயே நடு ஏற்றத்தில் நிறுத்தச் சொல்லி, பிரேக்கிலிருந்து காலை எடுக்கச் சொன்னார். வண்டி பின்னால் நகரவில்லை. 'இரண்டு விநாடிதான் பிடிக்கும், அதற்குள் ஆக்ஸிலரேட்டரை மிதித்துவிட வேண்டும், அதற்கு மேல் நம்பாதீர்கள்' என்று சேர்த்துச் சொன்னதால்தான் அவர் சொன்ன மற்றவற்றையும் நம்பினேன். கிளட்ச் மிதியே இல்லாத தானியங்கி வண்டியில் கியர் தானாக மாறிக்கொள்ளும் என்றாலும், குன்னூர் வழியாக இறங்கும்போது 14 கொண்டை ஊசி வளைவுகளையும் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கக் கூடாது, கையால் இரண்டாவது கியருக்கு மாற்றி எஞ்சினே வேகத்தைப் பிடித்து நிறுத்தும்படி விட வேண்டும் என்று, எனக்குத் தெரிந்ததையே மறுபடி சொன்னார். தெரியும் என்று நான் சொல்லவில்லை.

காற்றை அழுத்தி உள்ளே செலுத்தும் டர்போ எஞ்சின் வேண்டுமா என்று நானே கேட்டேன். 1,000 மீட்டர் உயரத்துக்குச் சுமார் 10 விழுக்காடு வீதம் சாதாரண எஞ்சினின் இழுவை குறையும், ஊட்டி 2,240 மீட்டரில் இருக்கிறது, ஆகையால் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும், டர்போ அந்த இழப்பைப் பெரும்பாலும் ஈடுகட்டும் என்றார். இவ்வளவும் சொல்லிவிட்டு, இரண்டு பேர் கடைக்கும் மருத்துவமனைக்கும் போய்வர அதற்காக லட்ச ரூபாய்க்கு மேல் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம் என்றார். அதிக விலைக்கு விற்கக் கிடைத்த வாய்ப்பைத் தானாகவே விட்ட விற்பனையாளரை இந்த வயதில்தான் பார்க்கிறேன்.

உண்மையில் காரைத் தேர்ந்தெடுத்தவள் உன் அம்மா. நான் மனத்தில் வைத்திருந்த மாடலில் தலையைக் குனிந்து, புடவையை இழுத்துப் பிடித்து ஏற வேண்டியிருந்தது. அதைக் கவனித்த அந்தப் பெண், சற்று உயரமான இருக்கை உள்ள வேறொன்றைக் காட்டி, அம்மாவை மூன்று முறை ஏறி இறங்கச் சொன்னார். மூன்றாம் முறை இறங்க மறுத்து அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

இனி உன் கணக்குக்கு வருகிறேன். நம் வண்டியால் மற்றவருக்கு ஏற்படும் இழப்புக்கான மூன்றாம் நபர் காப்பீடு புதுக் காருக்கு 3 ஆண்டுக்குக் கட்டாயம், ஆனால் காப்பீட்டை ஷோரூமிலேயே எடுக்க வேண்டும் என்பதில்லை, வெளியே விசாரித்துவிட்டு வாருங்கள் என்று அவரே அனுப்பினார். விசாரித்ததில் 6,200 ரூபாய் மிச்சமானது. உன் 14,000-இலிருந்து அதைக் கழித்துக்கொள். மீதி 7,800 நான் மனமறிந்து கொடுத்தது. அவருக்குக் கமிஷன் கிடைத்திருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். கிடைக்கட்டும், உழைத்த கூலிதானே. எல்லாம் ஒழுங்காக நடந்தது என்றும் சொல்ல மாட்டேன். நம்பர் பிளேட் சொன்ன நாளில் வரவில்லை, பத்து நாள் தாமதம். ஆனால் நான் கேட்பதற்கு முன்பே அவர் தொலைபேசியில் அழைத்துத் தாமதம் என்று சொல்லிவிட்டார்.

எலுமிச்சம்பழம் வைத்து வண்டியை எடுத்தாயிற்று. பொங்கலுக்கு நீ வரும் ரயில் எதுவென்று எழுது கண்ணு, நானே மேட்டுப்பாளையத்துக்கு இறங்கி வருகிறேன். ஒரு பெரிய பெட்டியும் ஒரு சிறிய பெட்டியும்தான் டிக்கியில் கொள்ளும் என்று அந்தப் பெண் வைத்தே காட்டிவிட்டார். மூன்றாவதைக் கட்டிக்கொண்டு வராதே.

அன்புடன்,
அப்பா