அனுமதி கொடுக்கும் முன் கான்ரெயிலை நினைத்துப் பாருங்கள்

அமெரிக்கத் தரைப் போக்குவரத்து வாரிய உறுப்பினர்களுக்கு, வணக்கம்.

யூனியன் பசிபிக், நார்ஃபோக் சதர்ன் ஆகிய இரு பெரிய ரயில் கம்பெனிகளும் ஒன்றாக இணையப்போவதாக 2025 ஜூலையில் அறிவித்தன. அனுமதிப்பதும் மறுப்பதும் உங்கள் கையில். நியூவார்க்கில், சரக்குப் பெட்டிகளைப் பிரித்துக் கோக்கும் ஓக் ஐலண்ட் ரயில் யார்டுக்குப் பக்கத்தில் குடியிருக்கும் நான், அந்த யார்டை இன்றும் நடத்தும் கான்ரெயில் என்ற சரக்கு ரயில் கம்பெனியின் கதையை உங்களுக்கு நினைவூட்ட விரும்புகிறேன்.

1968 பிப்ரவரியில் பென்சில்வேனியா ரயில்ரோடு, நியூயார்க் சென்ட்ரல் என்ற இரு ரயில் கம்பெனிகளும் சேர்ந்து பென் சென்ட்ரல் ஆயின. செலவு மிச்சமாகும் என்று அப்போதும் சொன்னார்கள். ஆனால் இரண்டின் கணினி முறைகளும் ஒத்துப்போகவில்லை. பெட்டிகள் எந்த யார்டில் நிற்கின்றன என்றே தெரியாமல் போனது. மெயின் மாநிலத்து விவசாயிகளின் உருளைக்கிழங்கு பனிக்காலத்தில் வழியிலேயே முடங்கி வீணானது. இரண்டரை வருஷம்கூட ஓடவில்லை; 1970 ஜூன் 21 அன்று திவால். அதுவரை அமெரிக்கா கண்ட திவால்களில் அதுதான் பெரியது.

சரக்கு ரயில் நின்றால் வடகிழக்கின் ஆலைகளும் நிற்கும். அதனால் அரசே இறங்க வேண்டியதாயிற்று. பென் சென்ட்ரலோடு ஈரி லாக்கவானா, ரீடிங், லீஹை வேலி, நியூஜெர்சி சென்ட்ரல் எனத் திவாலான மற்ற கம்பெனிகளின் தடங்களையும் சேர்த்து 1976 ஏப்ரல் 1 அன்று கான்ரெயிலைத் தொடங்கினார்கள்.

முதல் வருஷங்களில் நஷ்டம்தான். மக்களின் வரிப்பணம் கோடிக்கணக்கான டாலர் போனது. 1980-ன் ஸ்டாகர்ஸ் சட்டம் ரயில் கம்பெனிகளுக்குக் கட்டணத்தை நிர்ணயிக்கும் சுதந்திரம் தந்தது. அடுத்த வருஷத்துச் சட்டம் புறநகர்ப் பயணிகள் ரயிலைச் சுமக்கும் பாரத்தை இறக்கிவிட்டது. தலைவராக வந்த ஸ்டான்லி கிரேனின் திறமையை எல்லோரும் பாராட்டுகிறார்கள், சரிதான். ஆனால் மற்ற ரயில் தொழிலாளர்களைவிடக் குறைந்த சம்பளத்துக்கு ஒத்துக்கொண்ட தொழிலாளர்களை யாரும் பேசுவதில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம். வேலை போனவர்கள் ஆயிரக்கணக்கில். தண்டவாளம் பெயர்த்தெடுக்கப்பட்ட கிளைத் தடங்கள் பல திரும்பி வரவேயில்லை.

1987-ல் பங்கு 28 டாலர் என்று அரசு தன் பங்குகளைப் பொதுச்சந்தையில் விற்றது. அப்புறம் 1999 ஜூனில் நார்ஃபோக் சதர்னும் சிஎஸ்எக்ஸ் என்ற இன்னொரு ரயில் கம்பெனியும் கான்ரெயிலைப் பங்குபோட்டுக்கொண்டன. அந்தக் கோடையிலும் யார்டுகள் அடைத்துக்கொண்டன. அதற்கு இரண்டு வருஷம் முன்புதான், சதர்ன் பசிபிக் ரயில் கம்பெனியை வாங்கிய யூனியன் பசிபிக் ஹூஸ்டனில் திணறியது.

ஆனாலும் அந்தப் பங்கீட்டில் ஒரு நல்ல ஏற்பாடு இருந்தது. வட நியூஜெர்சி, பிலடெல்பியா வட்டாரம், டெட்ராய்ட் ஆகிய மூன்று இடங்களும் இரண்டு கம்பெனிகளுக்கும் பொதுவாகவே விடப்பட்டன. அங்கே பெட்டிகளைப் பிரித்துக் கோக்கும் வேலையை, இரண்டுக்கும் பொதுவான சிறிய கம்பெனியாக மிஞ்சிய கான்ரெயில் செய்கிறது. இரண்டு கம்பெனிகளும் வாடிக்கையாளரை அடைய முடியும். ஆலைக்காரருக்குப் பேரம் பேச வழி உண்டு.

இதைத்தான் உங்களிடம் கேட்கிறேன். இந்த இணைப்பால் ஒரே கம்பெனியை நம்பியிருக்க வேண்டிய ஊர்களில் இன்னொரு கம்பெனியின் ரயிலும் நுழைய உரிமை கொடுங்கள். கணினி மாற்றம் எந்த யார்டில், எந்த மாதம், எத்தனை ஆட்களுடன் நடக்கும் என்பதை எழுத்தில் வாங்காமல் அனுமதி கொடுக்காதீர்கள்.

இப்படிக்கு,
நியூவார்க் வாசி ஒருவர்