கை கால் இல்லாத பொம்மை

அன்புள்ள கமலா,

நலம். நீ அனுப்பிய மரப்பொம்மைப் படத்தைப் பார்த்தேன். கையும் காலும் உடைந்து போகவில்லை, செய்ததே அப்படித்தான். தான்சானியாவில் தாருஸ்ஸலாமைச் சுற்றி வாழும் ஸராமோ மக்களின் ‘ம்வானா ஹிட்டி’ அது. ம்வானா என்றால் பிள்ளை. பெரும்பாலும் 10 முதல் 15 செ.மீ. உயரம். உருளை உடல், சின்னதாய் மார்பு, தொப்புள், அவ்வளவே. செதுக்கியவர் மெனக்கெட்டதெல்லாம் தலையில்தான்: நடுவே பள்ளம் விட்டு இரண்டாகப் பிரிந்த கொண்டை. இதே உருவம் கைத்தடிப் பிடியிலும் கல்லறைக் கம்பத்திலும்கூட வரும்.

‘பிள்ளை வர பொம்மை’ என்று விற்பதால் கும்பிடும் சிலை என்று நினைத்துவிடாதே. வயதுக்கு வந்த பெண்ணை, அதாவது ‘ம்வாலி’யை, தனியே வைக்கும் நாட்களில் அவள் கையில் தருவது இது. முன்பு அந்தத் தனிமை மாதக்கணக்கில் நீளும். இப்போது வெகுவாகக் குறைந்துவிட்டது. பொம்மையை அவள் குளிப்பாட்டி, எண்ணெய் தடவி, தலை சீவிப் பார்த்துக்கொள்ள வேண்டும். அசட்டையாக விட்டால் பின்னால் பிள்ளைப்பேறு தட்டிப்போகும் என்பது நம்பிக்கை. ஸராமோக்களின் குலம் தாய்வழியில் வருவது. பெண்கள் பிள்ளை பெறாவிட்டால் குலம் நின்றுவிடும். அந்தப் பயம் சும்மா வந்ததில்லை.

இப்படிப் புழங்கிய பொம்மையில் கழுத்தும் கொண்டை மேடும் வழுவழுப்பாகத் தேய்ந்திருக்கும்; பள்ளத்தில் பழைய எண்ணெய்ப் பிசுக்கு இறுகியிருக்கும். எங்கும் ஒரே பளபளப்பு என்றால் சந்தேகப்படு. அடிப்பக்கத்தை உலர்ந்த வெள்ளைத் துணியால் லேசாகத் துடைத்துப் பார். கறுப்பு ஒட்டினால் அநேகமாக ஷூ பாலிஷ். இதற்குப் பயன்படும் ம்பிங்கோ என்ற ஆப்பிரிக்க மரத்தின் கறுப்பு நிறம் அதன் வைரம் பாய்ந்த உள்கட்டையிலேயே உள்ளது, ஒட்டாது. அதைக் கருங்காலி என்று விற்பார்கள். உண்மையில் நம் ஈட்டி மரத்தின் பங்காளி. ஆனால் வேறு மரத்தில் செய்த பழைய பொம்மைகளும் உண்டு, நிறத்தை மட்டும் வைத்து முடிவு கட்டாதே.

ஒன்று கண்டிப்பாகச் சொல்கிறேன்: நீ எண்ணெய் தடவாதே, கழுவவும் செய்யாதே. அந்தப் பிசுக்குதான் அதன் சரித்திரம். மெல்லிய தூரிகையால் தூசி தட்டினால் போதும். ஏசி காற்றும் வெயிலும் நேரே படக்கூடாது. முழுக்கட்டையில், நடுச்சோறு (மரத்தின் நட்டநடுத் தண்டு) உள்ளேயே இருக்கச் செதுக்கியது என்றால், வெளிப்புறம் முந்திச் சுருங்கி நெடுக வெடிக்கும். வெடிப்பில் பசையோ மெழுகோ அடைக்காதே. ஈரம் ஏறி மரம் உப்பும்போது அடைத்ததே அதை இன்னும் பிளக்கும். பொம்மையில் பாசிமணி கட்டியிருந்து அதன் நூல் இற்றிருந்தால் மீண்டும் கோக்காமல் நூலோடு தனிப் பையில் போட்டு வை.

பின்பக்கத்தையும் அடிப்பக்கத்தையும் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்பு. கொண்டையில் முடி கட்டிய துளை ஏதும் இருக்கிறதா என்றும் பார்.

அன்புடன்,
வசந்தா