வாய்க்காலுக்கு மேற்கேயும் புதுச்சேரிதான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதுச்சேரியின் பழைய வீடுகளைப் பற்றிய உங்கள் கட்டுரையை ரசித்துப் படித்தேன். ஆனால் படங்கள் எல்லாமே கடற்கரைப் பக்கத்து மஞ்சள் சுவர்கள்தான். பெரிய வாய்க்காலுக்கு மேற்கே உள்ள தமிழ்ப் பகுதி ஒரு படத்தில்கூட இல்லை.

வைசியாள் வீதியை ஒருமுறை நடந்து பார்த்தால் போதும். திண்ணைக்கு முன்னால் மரத்தூண் நிறுத்தி, ஓடு வேய்ந்த தாழ்வாரம். செலவு வீட்டுக்காரருடையது, நிழல் தெருவில் போகிறவருக்கு. கீழே முற்றமும் தூணுமாக அசல் தமிழ் வீடு. மாடிக்கு ஏறினால் வளைவு சன்னலும் சுவரோடு ஒட்டிய தூண்களுமாகப் பிரெஞ்சுச் சாயல். இரண்டையும் ஒரே வீட்டில் இவ்வளவு கூச்சமில்லாமல் சேர்த்த அந்தக் காலக் கொத்தனார்களுக்கு ஒரு கும்பிடு போடலாம். பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் இன்டாக் அமைப்பு ஐரோப்பிய ஒன்றிய நிதியுதவியோடு இந்த வீதியின் முகப்புகளைச் சீரமைத்தது. 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருதும் கிடைத்தது.

சுற்றியுள்ள தெருக்களின் கதை வேறு. பைக் நிறுத்த இடம் வேண்டும் என்று முதலில் திண்ணை போகிறது. அப்புறம் தாழ்வாரம், அந்த இடத்தில் கடை ஷட்டர். இடிக்காமல் வைத்திருப்பவர்கள் சிலர் பழைய சுவரில் சிமென்ட் பூசிக் கெடுக்கிறார்கள். சுண்ணாம்புக் காரை ஈரத்தை வாங்கி வெளியே விட்டுவிடும். மேலே சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, செங்கல் பொடியாக உதிரும். அதை மறைக்க இன்னொரு பூச்சு!

வீட்டுக்காரர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. மரவிட்டங்களின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட மெட்ராஸ் டெரஸ் கூரையில் ஒரு தேக்கு விட்டம் மாற்றுவதென்றாலே கை கடிக்கிறது. அண்ணன் தம்பிகளுக்குள் பங்கு பிரியாத வீடு என்றால், யார் பணம் போடுவது என்பதிலேயே காலம் போய்விடும். 2014 மழையில் இடிந்த மேரி கட்டடம் (பிரெஞ்சுக் கால நகராட்சி அலுவலகம்) உலக வங்கி நிதியில் பழைய தோற்றத்திலேயே எழுந்தது, மகிழ்ச்சி. ஒருவர் வீட்டுத் திண்ணைக்கு உலக வங்கி வராதே.

திண்ணையையும் தாழ்வாரத்தையும் காப்பாற்றி வைத்திருக்கும் வீடுகளுக்குச் சொத்துவரியில் சலுகை தரலாம். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்களின் பட்டியல் ஒன்று நகராட்சியில் கிடைத்தாலே பாதிச் சிரமம் தீரும். பட்டியல் வந்தால் முதல் ஆளாகப் போய் வாங்கிக்கொள்வேன். எங்கள் வீட்டு மட்டப்பா இந்த மழைக்கே ஒழுகத் தொடங்கிவிட்டது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
புதுச்சேரி