ரேடியேட்டர் ஃபேன் ரிலே ஒட்டிக்கிச்சு, டீலர் வாரண்டி தர மாட்டேங்கறாரு

கஸ்டமர் கேர்ல இருக்கறவங்களுக்கு வணக்கம்,

மூணு மாசம் முன்னாடி உங்க மதுரை டீலர்கிட்ட 12 வோல்ட் 40 ஆம்ப் ரிலே (ஃபேன ஆன், ஆஃப் பண்ற மின் சுவிட்ச்) வாங்கி என் காரோட ரேடியேட்டர் ஃபேனுக்குப் போட்டேன், போன ஞாயித்துக்கிழமை ராத்திரி வண்டிய நிறுத்தி சாவிய எடுத்துட்டு வந்து படுத்துட்டேன், காலைல பாத்தா பேட்டரி சுத்தமா காலி. ராத்திரி ரொம்ப நேரம் ஃபேன் ஓடிட்டே இருந்துச்சுன்னு பக்கத்து வீட்டுக்காரர் சொன்னாரு. அன்னிக்கு அம்மாவ டயாலிசிஸுக்கு கூட்டிட்டுப் போகணும், ஆட்டோ புடிச்சு ஓடினோம்.

ரிலேவ கழட்டி மல்டிமீட்டர் வச்சேன். சுவிட்ச இழுக்கற காயிலோட பின் 85க்கும் 86க்கும் நடுவுல 82 ஓம், காயில்ல கோளாறு இல்ல. ஆனா காயிலுக்கு கரண்டே குடுக்காம ஃபேனுக்கு கரண்ட் போற பின் 30க்கும் 87க்கும் நடுவுல பீப் அடிக்குது, அதாவது சுவிட்ச் ஆஃப் ஆகாமலே கெடக்கு. டீலர்கிட்ட கொண்டு போனா "உங்க வயரிங்ல ஷார்ட் இருக்கும், வாரண்டி கிடையாது"ன்னுட்டாரு. ஷார்ட்டா இருந்தா 30 ஆம்ப் ஃபியூஸ் போயிருக்கணும்ல? அது அப்படியே இருக்கு. எலக்ட்ரீஷியன் கிளாம்ப் மீட்டர் போட்டுப் பாத்தாரு, ஃபேன் ஓடும்போது 14 ஆம்ப் தான். அப்புறம்தான் மூடிய பிரிச்சேன், கரண்ட சேர்த்துப் பிரிக்கற கான்டாக்ட் ரெண்டும் வெல்டு வச்ச மாதிரி ஒட்டிக் கெடக்கு.

மோட்டார் நின்ன நிலையிலேர்ந்து கிளம்பும்போது அந்த ஒரு நொடி பல மடங்கு கரண்ட் இழுக்கும், கான்டாக்ட் மூடும்போது துள்ளும், ஆர்க் (மின்பொறி) அடிக்கும், அதுல உருகித்தான் ஒட்டுது, ரிலே செய்யற உங்களுக்கு நான் சொல்லித் தெரியணுமா? ஹீட்டர் மாதிரி லோடுக்கு 40 ஆம்ப் தாங்கறது வேற, மோட்டாருக்கு தாங்கறது வேற. டப்பால 'ரேடியேட்டர் ஃபேன், ஃபியூவல் பம்ப்'னு நீங்கதானே போட்டிருக்கீங்க. இதே ரிலே ஃபியூவல் பம்புல ஒட்டிக்கிட்டா சாவிய எடுத்தாலும் பெட்ரோல் அடிச்சிட்டே இருக்கும், வண்டி எங்கயாவது மோதி லைன் உடைஞ்சிருந்தா என்ன ஆகும்னு யோசிங்க. ஃபியூஸும் காப்பாத்தாது, ஏன்னா ஓடறது சாதாரண கரண்ட் தான்.

எனக்கு ரிலே காசும் பேட்டரி சார்ஜ் போட்ட செலவும் வேணும். அதவிட முக்கியம், இதே பேட்ச் ரிலேவ மோட்டார் லோடுல டெஸ்ட் பண்ணுங்க, மோட்டாருக்கு எத்தன ஆம்ப்னு டப்பால தனியா போடுங்க. பழைய ரிலேவும் பில்லும் என்கிட்ட இருக்கு, ஆள் அனுப்பினா தரேன். பதில ஃபோன்ல சொல்லாம எழுத்துல குடுங்க.