உத்தரவு அப்பாவுடையது, பழி சிற்றன்னைக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உதுமானிய (துருக்கியப் பேரரசு) அரண்மனைப் பெண்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. ஆனால் சுல்தான் சுலைமானின் மனைவி ஹுர்ரெமை ‘மன்னரை மயக்கிய சூழ்ச்சிக்காரி’ என்று இரண்டே வரியில் முடித்துவிட்டதை ஏற்க முடியவில்லை.

போலந்து அரசின் கீழ் இருந்த, இன்றைய மேற்கு உக்ரைன் பகுதியில் பிறந்து, அடிமையாக இஸ்தான்புல் வந்து சேர்ந்த பெண் அவர். 1520இல் சுலைமான் அரியணை ஏறினார். மறு ஆண்டே ஹுர்ரெமுக்கு முதல் மகன் மெஹ்மெத் பிறந்தான். சுல்தானின் துணைவி ஒருத்திக்கு ஒரு மகன், அவன் வளர்ந்து மாகாணத்துக்கு ஆளப் போனால் தாயும் கூடவே போய்விட வேண்டும் என்பது அதுவரை வழக்கம். ஹுர்ரெம் பெற்றது ஐந்து மகன்கள், ஒரு மகள். சுல்தான் அவரை அடிமை நிலையிலிருந்து விடுவித்து, முறைப்படி மணந்தும் கொண்டார். ஊர் வாயை மூட முடியுமா? சூனியக்காரி என்றே பேசினார்கள்.

கட்டுரையாளர் தொடாத விஷயம் ஒன்று உண்டு. அரியணை ஏறுபவர் தன் உடன்பிறந்தாரைக் கொல்லலாம் என்று சுலைமானின் கொள்ளுத்தாத்தா இரண்டாம் மெஹ்மெத் காலத்துச் சட்டமே இடம் தந்திருந்தது. சுல்தானின் இன்னொரு துணைவி மஹிதெவ்ரானின் மகன் முஸ்தபாதான் உயிரோடு இருந்த பிள்ளைகளில் மூத்தவர், ஜானிசரி என்ற சுல்தானின் காலாட்படை வீரர்களின் செல்லப்பிள்ளை. அவர் சுல்தானானால் தன் பிள்ளைகளின் கழுத்துக்குக் கயிறு வரும் என்பது ஹுர்ரெமுக்குத் தெரியாதா என்ன? 1553இல் எரெய்லி அருகே படை முகாமில், தந்தையைப் பார்க்கக் கூடாரத்துக்குள் நுழைந்த முஸ்தபாவைக் கழுத்தை நெரித்துக் கொன்றார்கள். உத்தரவு போட்டவர் அப்பா. பழி விழுந்தது சிற்றன்னை மீதும், அவர் மருமகன் ருஸ்தெம் பாஷா மீதும். ஹுர்ரெமுக்கு இதில் பங்கே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. சட்டத்தையும் சுல்தானையும் விட்டுவிட்டு ஹுர்ரெமை மட்டும் கூண்டில் ஏற்றுவது ஏன் என்றுதான் கேட்கிறேன்.

அவர் செய்த மற்ற வேலைகளும் கட்டுரையில் இல்லை. போர்முனையில் இருந்த கணவருக்குத் தலைநகர நிலவரத்தைக் கடிதம் கடிதமாக எழுதியவர் அவர். போலந்தின் புது மன்னருக்கு வாழ்த்து எழுதி, கூடவே உடுப்புகளும் கைக்குட்டைகளும் அனுப்பினார். ராஜாவுக்குக் கைக்குட்டையா என்று சிரிப்பு வரலாம். எனக்கென்னவோ அந்த வீட்டு நெருக்கமே அவருடைய ராஜதந்திரம் என்று தோன்றுகிறது. 1550களில் ஜெருசலேமில் அவர் நிறுவிய அன்னதானக் கூடத்தில் காலையில் அரிசிக் கஞ்சி, மாலையில் உடைத்த கோதுமைக் கஞ்சி, கூடவே ரொட்டி. தினம் நானூறு ஏழைகளுக்கு. செலவுக்குப் பாலஸ்தீனத்துக் கிராமங்களின் வருமானத்தை எழுதி வைத்தார்.

1558இல் ஹுர்ரெம் இறந்தார். மறு ஆண்டே அவர் பெற்ற செலீமும் பாயெசீதும் கோன்யாவில் படையோடு மோதினார்கள். தோற்றுப் பாரசீகத்துக்கு ஓடிய பாயெசீதும் அவர் பிள்ளைகளும் பிறகு கொல்லப்பட்டார்கள். அப்போது பழி போட ஹுர்ரெம் உயிரோடு இல்லை.

கட்டுரையின் இரண்டாம் பாகம் வரும் என்று போட்டிருக்கிறீர்கள். அதில் மஹிதெவ்ரானுக்கும் அரைப் பக்கம் ஒதுக்கச் சொல்லுங்கள். மகனைப் பறிகொடுத்த பிறகு, புர்சாவில் வீட்டு வாடகை கட்டக்கூட வழியில்லாமல் வருடக்கணக்கில் திண்டாடியவர் அவர்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியை,
பாளையங்கோட்டை